எட்டாவது லேனில் நிற்பவர்



பல்கலைக்கழக வாழ்க்கையில் விளையாட்டு மையத்தின் பங்கு பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் வாயில் ‘பி.டி. சார்’. கட்டடம், பயிற்சி, போட்டி என்று மூன்று பகுதியாகப் பேசுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மரத்தரை போட்ட உள்ளரங்கம், பக்கத்தில் ஜிம், மாடியில் டேபிள் டென்னிஸ், வாசலில் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. எல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அலமாரியைப் பார்த்து மையத்தை எடை போடாதீர்கள். மூவாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் எல்லா அணிகளையும் கூட்டினாலும் இருநூறு பேர் தேறுவது கஷ்டம். மற்றவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறார்கள்? அதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நம் ஊரில் வெகு நாளைக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போயிருப்பீர்கள். புழுதியில் நடந்து, கை வலிக்கப் பை தூக்கி வந்திருப்பீர்கள். அந்த மண்ணுக்குச் சொந்தமான உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். அவர் தயார் செய்ய நினைத்தது சாம்பியன்களை விட அதிகமாக ஆசிரியர்களை. ஒரு ஊருக்கு ஒரு நல்ல பி.டி. வாத்தியார் போனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் விளையாடுவார்கள் என்ற கணக்கு. நீங்கள் படித்த பள்ளியில் விசில் ஊதிய வாத்தியார் ஒருவேளை அங்கே படித்தவராக இருக்கலாம்.

சரி, பயிற்சிக்கு வருவோம் என்று இந்தத் தாளில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் கோடு போடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தையில் முடியாது என்று எனக்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு விழாவுக்கு டிராக் போட வேண்டும். கல்லூரிகளில் இதற்கென்று ‘மார்க்கர்’ என்று ஒருவர் இருப்பார். எங்கள் மார்க்கர் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்குவார். வளைவுகளின் மையத்தில் இரும்பு முளை புதைத்து வைத்திருப்போம். மழையில் மண் மூடிப் புல் முளைத்திருக்கும். அவர் கட்டை விரலால் தரையைத் துழாவி, ‘இங்க இருக்கு சார்’ என்பார். முளையில் டேப்பை மாட்டி, 36.50 மீட்டர் இழுத்துப் பிடித்துக்கொண்டு வளைவில் நடக்க வேண்டும். டேப் தொய்யக் கூடாது. பின்னாலேயே ஒரு பையன் ஆணி அடித்து நூல் கட்டிக்கொண்டு வருவான். நூல் மேல் கரைத்த சுண்ணாம்பு. நேர்க் கோடு ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். எல்லாம் சரியாக வந்தால் உள் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர்.

இனிமேல்தான் சுவாரசியம். தொலைக்காட்சியில் 400 மீட்டர் ஓட்டம் பார்க்கிறபோது, எட்டுப் பேரும் ஒரே வரிசையில் நிற்காமல் படிக்கட்டு மாதிரி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கிறவர் பின்னால், வெளியே இருக்கிறவர் முன்னால். இதற்கு ஸ்டாகர் என்று பெயர். முதல் லேனைவிட இரண்டாம் லேன்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். எட்டாம் லேன்காரர் 53.03 மீட்டர் முன்னால். வெளி வளைவு நீளம், அதனால் ஈடு கட்டுகிறோம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டுப் பிள்ளை யாராவது, ‘அது அநியாயம் இல்லையா சார், அவன் மட்டும் முன்னாடி நிக்கிறானே’ என்று கேட்டுவிடும்.

எங்கள் கல்லூரியில் மாணவிகள் படிக்க வந்த புதிதில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. மைதானம் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். 29சி பஸ்ஸில் இடம் பிடித்து இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஐந்து மணிக்கு அவர்கள் பஸ் நிறுத்தத்தில், மைதானத்தில் பையன்கள். பொது மைதானம், எல்லோருக்கும் ஒரே நேரம், யாரையும் வராதே என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு பெண் கூட இல்லை. முதல்வரிடம் பேசி, மூன்றரை முதல் ஐந்து வரை மாணவிகளுக்கு என்று மாற்றினேன். கபடி ஆடுகளத்தையும் அவர்களுக்கென்று 12-க்கு 8 மீட்டரில் தனியாகப் போட்டோம்.

மறுநாளே பையன்கள் அணித் தலைவன் வந்து நின்றான். கணித மாணவன். ‘சார், பொண்ணுங்களுக்கு மட்டும் என்ன சார் சலுகை?’ நான் பதில் சொல்லவில்லை. டேப்பைக் கொடுத்து, ‘எட்டாவது லேனை அளந்துட்டு வா, அப்புறம் பேசலாம்’ என்றேன். போனான். அரை மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவன் சலுகையை மறந்துவிட்டிருந்தான். ‘சார், வளைவு பெரிசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் லேனுக்கு லேன் வித்தியாசம் மாறவே மாறாது சார். லேன் அகலத்தை இரண்டு பையால (2π) பெருக்கினா போதும்!’ என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி. 1.22 மீட்டர் அகலத்துக்கு, ஒரு முழுச் சுற்றுக்கு 7.67 மீட்டர். நேரு ஸ்டேடியமானாலும் சரி, சந்துக்குள் இருக்கிற பள்ளிக்கூட மைதானமானாலும் சரி. பேப்பர், பென்சில் கையில் இருக்கிற நேயர்கள் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு லேனுக்கு நடுவில் மட்டும் ஏன் கொஞ்சம் குறைகிறது என்று கேட்டால், உள் லேனில் அளவெடுக்கும் முறை வேறு. அதை ஆரம்பித்தால் செய்தி நேரம் வந்துவிடும்.

மூன்றரை மணி ஏற்பாட்டைப் பற்றி அவன் பிறகு பேசவே இல்லை. பெண்கள் அணிக்கு விசில் ஊத ஆள் வேண்டும் என்றபோது கை தூக்கினான்.

எந்த அணியிலும் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பூப்பந்து ஆடுகளம் உண்டு. இறகுப்பந்து வேறு, இது மஞ்சள் கம்பளிப் பந்து, தஞ்சாவூரில் வளர்ந்த ஆட்டம். அணிக்கு ஐந்து பேர். மாலையில் அங்கே ஆடுவது பேராசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும். அலுவலக உதவியாளர் ஒருவர்தான் நடு ஆட்டக்காரர். பகலில் துறைத்தலைவர் அறைக்குக் கோப்பு எடுத்துப் போய்ப் பவ்யமாக நிற்பவர், மாலையில் அதே துறைத்தலைவரைப் பார்த்து, ‘சார், விடுங்க! என் பந்து!’ என்று அதட்டுவார். துறைத்தலைவர் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு விட்டுவிடுவார். இந்தக் காட்சியைச் சுவரில் உட்கார்ந்து பார்க்கிற மாணவர்கள், ஒரு வளாகத்தில் யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்பதைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

நேரம் ஓடுகிறது. பயிற்சியை விட்டுவிட்டுப் போட்டிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் தடகளப் போட்டி டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரில் நடக்கிறது. 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தவர் அவர். கிரிக்கெட் பிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். தேர்வும் எழுதினார்கள், இந்தியாவுக்கும் ஆடினார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. அடையாற்றுப் பக்கம், புள்ளிமான் மேய்கிற ஐ.ஐ.டி. வளாகத்திலும் 2024-25 கல்வியாண்டிலிருந்து விளையாட்டுக்கென்று சேர்க்கை வந்துவிட்டது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஐ.ஐ.டி.களில் முதலில் செய்தது சென்னைதான். நுழைவுத் தேர்வு தரவரிசையில் இடம் பெற்றிருக்கவும் வேண்டும், தேசிய அளவில் பதக்கமும் வேண்டும். ‘படிக்காமல் உள்ளே வருகிறார்கள்’ என்று யாராவது முணுமுணுத்தால், காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடிவிட்டு வந்து கணிதம் போடுகிற பிள்ளை எந்த லேனில் ஓடுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்குச் சிவப்பாகிவிட்டது, முடிக்கச் சொல்கிறார்கள். கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேர்வு வந்தால் மைதானத்தைப் பூட்டாதீர்கள், அப்போதுதான் பிள்ளைகளுக்கு அது அதிகம் வேண்டும். கார் நிறுத்த இடமில்லை என்று கபடிக் களத்தின் மேல் கல் பாவாதீர்கள். நேர அட்டவணை போடும்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை முதலில் நினையுங்கள். பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் பெண்ணோ பையனோ ஒருநாள் ஆறரை மணிக்கு முழங்கால் சிராய்ப்போடு, சட்டையெல்லாம் செம்மண்ணோடு வீடு வந்தால், ‘ஏன் லேட்?’ என்று ஆரம்பிக்காமல், ‘இன்னிக்கு என்ன ஆட்டம்?’ என்று கேளுங்கள். சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை, பதில் நீளமாக வரும்.