திருச்சுற்றும் பரிவட்டமும்

(யாகசாலைப் பூசையின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



யாகசாலையில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் சூட்டி வைத்திருக்கும் குடங்களை வணங்கி வந்து அமர்ந்திருக்கிறீர்கள். குடத்தின் பெயராலேயே இப்பெருவிழாவைக் குடமுழுக்கு என்கிறோம். குடமோ உருண்டு திரண்ட வடிவினது. ஆதலின், உருண்டும் வளைந்தும் நிற்கும் வடிவங்களுக்கு நம் மொழியில் வழங்கும் சொற்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தரையில் இட்ட கோலத்தில் அமைவது வட்டம். நிவேதனத்திற்குப் பிடித்து வைத்த எள் உருண்டை. முன்னது பரப்பு, பின்னது திரட்சி. ஆழி, திகிரி, நேமி என்பன சக்கரத்தின் பெயர்கள். திருமால் திருக்கையில் விளங்குவது ஆழி. சீதாபிராட்டியிடம் அனுமன் சேர்ப்பித்த மோதிரம் கணையாழி. உலகைச் சூழ்ந்த கடலும் ஆழி. திருவாரூர்ப் பெருமானுடைய தேர் ஆழித்தேர். வளைந்திருத்தலால் மங்கையர் கையணியும் வளை, சங்கும் வளை. மண்டலம் என்னும் வடசொல்லுக்கும் வட்டம் என்பதே பொருள். அது தொண்டை மண்டலம் என நிலப்பகுதியைக் குறிக்கும். குடமுழுக்கை அடுத்துவரும் 48 நாள் மண்டல பூசையில் காலத்தையும் குறிக்கும்.

இனி ஒரு வியப்பைக் கேளுங்கள். திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் வட்டமா? இல்லை, யாவும் நாற்புறமும் மதில் கொண்டு மூலைகளோடு கூடியவை. ஆயினும் சுற்று என்றே பெயர் பெற்றன. ஏன்? அப்பெயர் கல்லின் வடிவத்தால் வந்ததன்று. அடியார் சுற்றி வரும் செயலால் வந்தது. மதில் சதுரமாயினும் இறைவனை நடுவே வைத்து வலம் வருவோர்க்கு அது சுற்றே ஆகிறது. நடுவை மறந்து நடந்தால் அது வெறும் நடையன்றோ?

அன்பர்களே! அடியேன் சொல்ல விழைந்தது இதுவே. தலையைச் சுற்றிக் கட்டுவதால் கோயில் மரியாதையைப் பரிவட்டம் என்கிறோம். அச்சொல்லிலும் வட்டம் இருக்கிறது. வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அங்ஙனமிருக்க, பரிவட்டம் முதலில் எவர்க்கு என்னும் பூசலால் ஓடாமல் நின்ற தேர்கள் நாட்டில் உண்டு! ஆழி பூண்ட தேரை அசையாமல் நிறுத்தியது எது? நடுவிலுள்ள பெருமானை மறந்த நம் செருக்கே.

இத்திருப்பணிக்குப் பொன் ஈந்தோரும் உளர். கல் சுமந்தோரும் உளர். ஒருபிடி அரிசி அளித்த மூதாட்டியும் இருப்பார். வட்டத்தின் விளிம்பில் எப்புள்ளியும் நடுவிற்கு ஒரே தொலைவில் உள்ளது. அதுபோல இவர்கள் யாவரும் இறைவனுக்கு ஒருபடியே அணியர். நாளை புனிதநீர் தெளிக்கும்போது எத்துளி எவர்மேல் முதலில் விழுந்தது என்று எண்ணாமல், கைகுவித்து ஒருமுகமாக வலம் வருவோமாக!

திருவருள் சூழ்க! அனைவரும் இன்புற்று வாழ்க!