சிறுவர்க்கு வீட்டுவேலை எவ்வளவு?

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பாடசாலை விட்டு வீடு வருகிறது. வகுப்பாசிரியை பதினைந்து கழித்தற் கணக்குகளும் ஒரு பக்கம் பார்த்தெழுதலும் கொடுத்திருக்கிறார். ஆங்கில ஆசிரியர் பத்துச் சொற்களை ஐந்துமுறை எழுதிவரச் சொல்லியிருக்கிறார். மாலையில் தனியார் வகுப்பு. அங்கும் ஒரு தாள். மூவரும் தத்தம் பங்கைச் சிறிதென்றே கருதுகின்றனர். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. கூட்டுத்தொகையைச் சுமப்பது பிள்ளை.

இவ்விடயம் பிற நாடுகளிலும் ஆராயப்பட்டதே. கலிபோர்ணியா மாநிலம் 1901 ஆம் ஆண்டிலேயே சிறுவரின் வீட்டுவேலையைச் சட்டத்தால் தடுத்தது. சீனா 2021 இல், முதலிரு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுவேலை கூடாதென்றும், மூன்று முதல் ஆறாம் வகுப்புவரை 60 நிமிடத்துக்கு மேற்படலாகாதென்றும் விதித்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் தம் குழுவினரோடு 2006 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வீட்டுவேலைக்கும் தேர்ச்சிக்குமுள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் வலிதாகவும் ஆரம்ப வகுப்புகளில் மெலிதாகவும் இருப்பதைக் காட்டிற்று. வகுப்பொன்றுக்குப் பத்து நிமிடம் என்னும் கணக்கையே அவர் பொருத்தமெனக் கொண்டார்: முதலாம் வகுப்புக்கு 10, மூன்றாம் வகுப்புக்கு 30, ஐந்தாம் வகுப்புக்கு 50. குறைந்தால் குற்றமில்லை.

இலங்கையிலே இக்கணக்கைக் குலைப்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்க வந்த அது, பத்து வயதின் விளையாட்டையும் உறக்கத்தையும் விழுங்கும் போட்டியாகிவிட்டது. மூன்றாந் தரத்திலேயே மாதிரி வினாத்தாள் வாங்கும் பெற்றார் உளர். அவர்களைக் குறைகூறி என்ன பயன்? நற்பாடசாலைகள் சில, விரும்புவோர் பலர்.

இதனினும் பாரதூரமானது வேறொன்று. படித்த தாய் அருகிருக்கும் வீட்டிலே கணக்குப் பிழையின்றி முடிகிறது. மலையகத்து லயத்து அறையிலே, நாள் முழுதும் கொழுந்து பறித்து வந்த தாய் அதே கணக்குக்கு என் செய்வாள்? மறுநாள் இரு கொப்பிகளையும் அளப்பது ஒரே சிவப்பு மை. அங்கே புள்ளி பெறுவது பிள்ளையின் அறிவா, தாயின் படிப்பா? அட்டையில் வீடு செய்துவரச் சொன்னாலும் இதே கதைதான். செய்பவர் தகப்பனார், பாராட்டுப் பெறுவது பிள்ளை. துணையின்றிச் செய்யவியலாத வேலை பாடசாலையிலேயே நடக்கவேண்டியது. கதைப்புத்தகத்தில் இரு பக்கம் உரக்க வாசித்தல், வாய்பாட்டைச் சொல்லிப் பார்த்தல் இவை வீட்டுக்குப் போதும்.

அளவைக் காப்பதும் அரிதன்று. வகுப்பறைச் சுவரிலே ஒரு தாளை ஒட்டி, அன்று கொடுத்த வேலைக்குரிய நிமிடங்களை ஒவ்வோர் ஆசிரியரும் அதிற் குறிக்கலாம். மூன்றாந் தரத்தில் 30 நிரம்பினால் அடுத்தவர் மறுநாள்வரை பொறுக்கவேண்டும். வீட்டிலே, நேரம் முடிந்ததும் எழுதிய இடத்தின்கீழ் ஒரு கோடிட்டுப் பெற்றார் ஒப்பமிடலாம். அக்கோட்டுக்குக் கீழே வெறுமையாயிருப்பதற்காக ஆசிரியர் பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது.