ராக்ஷஸப் பறங்கியும் புதிய தோட்டக்காரரும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்த பிரசங்கம்)

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பறங்கிக் கொடியை அறியாத வீடு அரிது. எருக்குழியின் ஓரத்தில் விழுந்த விதை தானே முளைத்து, வேலியைப் பற்றிக் கூரைமேல் ஏறிப் பல காய்கள் காய்த்துவிடும். அதற்கென்று தனியே பாடுபடுவார் சிலரே. பறங்கி என்னும் பெயரே அது கடல் கடந்து வந்த பொருள் என்பதைக் காட்டுகின்றது. அதன் பூர்விக ஸ்தலம் அமெரிக்கக் கண்டமாகும். அக்கண்டத்தின் வட பாகத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கொடியிலிருந்து, ஒரு ஜோடி வண்டி மாட்டின் நிறைக்கும் மேற்பட்ட ஒரே காயை விளைவிக்கும் தோட்டக்காரர்கள் இருக்கின்றனர். இந்தப் பிரசங்கம் அந்தக் காயையும், அதை முதன்முறையாகப் பயிரிடப் புகும் மனிதரையும் பற்றியது.

அந்தக் காய் கறிக்கு ஏற்றதன்று. அதன் சதை நார் மிகுந்து, நீர் மிகுந்து, சுவை குன்றியிருக்கும். காட்சி முடிந்தபின் அது பெரும்பாலும் கால்நடைகளுக்கே இரையாகின்றது. அப்படியானால் அதைப்பற்றிப் பேசுவதால் குடியானவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை அக்காயின் சரித்திரத்தில் இருக்கின்றது.

கனடா தேசத்தில் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த கோடெரிச் என்னும் ஊரில் வில்லியம் வார்னாக் என்பவர் இருந்தார். அவர் 1900-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சிக்கு 400 பவுண்டு நிறையுள்ள பறங்கியை அனுப்பினார். 1904-ம் வருஷத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் அவருடைய காய் 403 பவுண்டு நின்றது. அதை மிஞ்சிய காய் தோன்ற 72 வருஷங்கள் சென்றன. 1976-ம் வருஷத்தில் அமெரிக்காவில் விளைந்த காய் 451 பவுண்டு நிறுத்தது. எழுபத்திரண்டு வருஷத்தில் கூடிய நிறை 48 பவுண்டு மாத்திரமே.

அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். 1981-ல் 493½ பவுண்டு. 1996-ல் ஆயிரம் பவுண்டுக்கு மேல். 2012-ல் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். 2023-ல் 2,749 பவுண்டு. 2025-ல் 2,819 பவுண்டு, அஃதாவது ஏறக்குறைய 1,279 கிலோகிராம். முதல் எழுபது வருஷத்தில் தூங்கிக் கிடந்த பயிர், பின் ஐம்பது வருஷத்திற்குள் ஆறு மடங்காய்ப் பெருத்தது எவ்வாறு?

1981-ம் வருஷத்துக் காயை விளைவித்தவர் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், வின்ட்ஸர் என்னும் ஊரில் வாழ்ந்த ஹவார்டு டில் என்னும் குடியானவர். பரம்பரைக் கல்வியைக் கல்லூரியில் கற்றவரல்லர். அவருடைய தந்தையும் பெரும் பறங்கிகளை வளர்த்தவர். டில் பல வருஷங்கள் பொறுமையாக நல்ல காயோடு நல்ல காயைச் சேர்த்து, விதையைத் தேர்ந்து தேர்ந்து விதைத்தார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு வருஷம் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. அவர் 2008-ல் காலஞ்சென்றார். அவருடைய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்னும் வித்து அவர் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. அது பல தேசங்களுக்கும் சென்றது. பெற்றவர்கள் அதைத் தங்கள் நிலத்தில் வளர்த்து, மேலானதைப் பொறுக்கி, பிறருக்குக் கொடுத்தார்கள். இக்காலத்தில் போட்டிக்கு வரும் பெருங்காய்கள் ஏறக்குறைய யாவும் அந்த வித்தின் வம்சமே. உரம், நீர், பயிர்த்தொழில் ஆகியவற்றில் ஏற்பட்ட அறிவு விருத்தியும் காரணமே. ஆயினும் விதை பலர் கையில் பரவியதே அஸ்திவாரம்.

இவ்வழியில் புதிதாக நுழையும் ஒருவர் செய்ய வேண்டியவற்றை இனிப் பார்ப்போம்.

முதலாவது விதை. கடையில் வாங்கும் சாதாரணப் பறங்கி விதையைப் போட்டு எவ்வளவு எருவிட்டாலும் ராக்ஷஸக் காய் வாராது. அத்தேசங்களில் இப்பயிரிடுவோர் சங்கங்கள் பல உண்டு. புதியவர்களுக்குத் தபால் செலவை மாத்திரம் பெற்றுக்கொண்டு நல்ல விதையைக் கொடுக்கும் சங்கத்தாரும் உளர். விதை உறையின்மேல் தாய்க்காயின் நிறை, விளைவித்தவர் பெயர், விளைந்த வருஷம், மகரந்தம் தந்த கொடி எது என்னும் விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். காளை வாங்குவோர் அதன் சுழியையும் வம்சத்தையும் விசாரிப்பது போன்றதே இது.

இரண்டாவது நிலம். கொடி ஒன்றுக்கு இருபதடி நீளம் இருபதடி அகலமாவது வேண்டும். நாள் முழுதும் வெயில் படுவதாயும் நீர் தேங்காததாயும் அவ்விடம் இருத்தல் அவசியம். முந்தின வருஷம் இலையுதிர் காலத்திலேயே மக்கிய தொழுவுரத்தையும் இலைச் சருகையும் மண்ணில் கலந்துவிடுவர். மண்ணைப் பரீக்ஷை செய்வித்து, இல்லாத சத்தை மாத்திரம் இடுவதே முறை. புதியவர் ஆசை மிகுதியால் ஐந்தாறு கொடி வைப்பது வழக்கம். வைத்தபின் ஒன்றையும் சரிவரப் பேண முடியாமல் திகைப்பதும் வழக்கம். முதல் வருஷத்தில் ஒரு கொடி போதும். இரண்டுக்கு மேல் ஆகாது.

மூன்றாவது விதைப்பு. நோவா ஸ்கோஷியாவில் வசந்தகாலத்திலும் உறைபனி விழும். ஆகவே ஏப்ரல் மாதக் கடைசியில் வீட்டிற்குள்ளேயே சிறு தொட்டிகளில் விதைக்கின்றனர். விதையின் தடித்த ஓரத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மண்ணை ஏறக்குறைய 85 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணத்தில் வைத்தால் சில நாட்களில் முளைக்கும். நாற்று வேர் சுருளுமுன் அதைத் தோட்டத்தில் நட்டுக் கண்ணாடியாலோ மெல்லிய தாளாலோ சிறு கூடாரமிட்டுப் பனியையும் காற்றையும் தடுப்பார்கள்.

நான்காவது கொடியின் பராமரிப்பு. தாய்க்கொடியை நேரே ஓடவிட்டு, பக்கக் கொடிகளை இருபுறமும் படரவிட்டு, அவற்றிலிருந்து கிளைக்கும் பேரக் கொடிகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு கணுவின்மேலும் மண்ணைப் போட்டு மூடினால் அங்கே புதுவேர் இறங்கும். இவ்வேர்கள் கொடி முழுவதற்கும் ஆகாரம் தேடித் தருவதோடு, காற்றில் கொடி புரளாமலும் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது மகரந்தச் சேர்க்கை. கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். ஆண் பூவுக்கு மெல்லிய காம்பு மாத்திரமே உண்டு. தாய்க்கொடியில் வேரடிக்குப் பத்தடிக்கு அப்பால் தோன்றும் பெண் பூவே விசேஷம். அது மலரப்போகும் தினத்துக்கு முன்மாலையில் தேனீ நுழையாதபடி மூடிக்கட்டுவார்கள். மறுநாள் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவார்கள். எந்தப் பூவின் மகரந்தம் எதற்கு இட்டது என்பதை அன்றே எழுதி வைப்பார்கள். இது சாதாரணப் பறங்கி, சுரை, பீர்க்கு முதலியவற்றுக்கும் பயன்படும் வித்தை. பிஞ்சு நிற்காமல் வெம்பி விழும் கொடிக்குப் பலமுறை குறை மகரந்தம் சேராமையே.

இதுவரை சொன்ன வேலைகளை உழைப்புள்ள எவரும் செய்துவிடலாம். புதியவருக்கு உண்மையான சோதனை இனிமேல்தான்.

ஜூலை மாதத்தில் அவர் கொடியில் மூன்று பிஞ்சுகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று குடமளவு, மற்ற இரண்டும் தேங்காயளவு. மூன்றும் பழுதற்றவை, மூன்றும் அவர் கையால் உண்டானவை. அனுபவசாலி வந்து பார்த்து, “ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை இன்றே அறுத்துவிடுங்கள்” என்கின்றார். புதியவருக்கு மனம் துணிவதில்லை. “வைத்திருக்கும் ஒன்று அழுகிப்போனால் என்ன செய்வது? இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம்” என்கின்றார். அந்த ஒரு வாரம் மூன்றாகின்றது. கொடியின் சத்து மூன்று வாய்களுக்குப் பங்கிடப்படுகின்றது. மகரந்தம் சேர்ந்த இருபதாம் நாள் முதல் நாற்பதாம் நாள் வரை உள்ள காலமே காய் வேகமாகப் பருக்கும் பருவம். நல்ல காய் அப்போது ஒரே நாளில் 30 முதல் 50 பவுண்டு வரை கூடும். அப்பருவம் போனால் திரும்பி வாராது. கடைசியில் அவரிடத்தில் மிஞ்சுவன மூன்று நடுத்தரக் காய்களே. அனுபவசாலிகளும் தொடக்கத்தில் இரண்டு மூன்று பிஞ்சு வைத்திருப்பதுண்டு. ஆயினும் அவர்கள் தினமும் நாடாவால் சுற்றளவை அளந்து, வேகமாய் வளர்வதைக் கண்டுகொண்டு, சில நாட்களுக்குள்ளேயே மற்றவற்றை நீக்கிவிடுகின்றனர். அவர்களுக்கும் அது வருத்தமே. ஆனால் கை நடுங்குவதில்லை.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிரானது. காய் நாளுக்கு நாள் பெருப்பதைக் கண்ட புதியவர், இன்னும் கொஞ்சம் உரம், இன்னும் கொஞ்சம் ஜலம் என்று வார்க்கத் தொடங்குவார். பெருங்கொடிக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 காலன் ஜலம் வேண்டியிருப்பது மெய்யே. அதை ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். சில நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாய்ப் பாய்ச்சினால், உள்ளே சதை வளரும் வேகத்துக்குத் தோல் இடங்கொடாமல் காய் வெடித்துவிடும். தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் இலை மிகும், காய் உதிரும். வெடித்த காயைத் தைக்க ஊசியில்லை. வெடிப்போ துளையோ உள்வெளி வரையில் சென்றிருந்தால் அது போட்டியில் சேராது என்பது நிறுவை விதி. எவ்வளவு நிறுத்தாலும் அதற்குப் பரிசில்லை. ஐக்கிய சங்கத்தில் கடன் கொடுப்போரும் வாங்குவோரும் இதை நினைவில் வைக்கலாம். பயிருக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு கிடைக்கும் பணம் காயைப் பருக்கச் செய்யும். வேண்டாத காலத்தில் மொத்தமாக வந்து சேரும் பணம் குடும்பத்தை வெடிக்கச் செய்யும்.

காயைக் காப்பதற்கு வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. பிஞ்சாயிருக்கும்போதே அடியில் மணலையோ பலகையையோ பரப்பினால் ஈரத்தால் அழுகாது. வெள்ளைத் துணியால் நிழலிட்டால் தோல் கெட்டிப்படாமல் இளக்கமாயிருக்கும். காயின் தோள் உயர உயரக் காம்பு இழுபட்டு முறியக்கூடும். ஆகையால் காயருகிலுள்ள கணுக்களில் வேரிறங்க விடாமல் கொடியைத் தளர்த்தி வளைத்து வைப்பார்கள். இலைகளில் சாம்பல் நோயும், தண்டில் துளைக்கும் புழுவும் வரும். தினமும் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பவருக்கே அவை காலத்தில் புலப்படும்.

அக்டோபர் மாதத்தில் நிறுவை நாள். யந்திரத்தின் உதவியால் தூக்கி, பலர் முன்னிலையில், ஒரே விதிப்படி நிறுப்பார்கள். பல தேசத்துச் சங்கங்களும் ஒப்புக்கொண்ட அவ்விதிகளை ‘கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்’ என்னும் அமைப்பு வகுத்திருக்கின்றது. தராசு பொதுவாயும் கணக்கு வெளிப்படையாயும் இருப்பதால்தான் ஒருவர் விதையை மற்றொருவர் நம்பி வாங்குகின்றார். முதல் வருஷத்துக்காரர் அன்று பெரும்பாலும் பரிசு பெறுவதில்லை. அவர் வெறுங்கையோடு திரும்புவதுமில்லை. எந்நாள் விதைத்தது, எந்நாள் பூத்தது, எத்தனை அங்குலம் வளர்ந்தது, எங்கே தவறியது என்று எழுதிய குறிப்பு அவரிடம் இருக்கும். அடுத்த வருஷத்துக்கு அதுவே முதல்.

2025-ல் 2,819 பவுண்டுக் காயை நிறுவைக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டையரான ஸ்டூவர்ட் பேட்டன், இயன் பேட்டன் என்னும் சகோதரர்கள். சிறுபிராயத்தில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது வருஷம் இருவரும் கூடிப் பாடுபட்ட பின்னரே அந்தக் காய் கிடைத்தது. ஐம்பது வருஷத்தில் தவறிய காய்கள் எத்தனை இருந்திருக்கும் என்பதைத் தோட்டம் வைத்தவர் எவரும் ஊகிக்கலாம்.

அங்கத்தினர்களே! வீட்டுக் கொல்லையில் ஆயிரம் பவுண்டுப் பறங்கியை விளைவியுங்கள் என்று சொல்வது இப்பிரசங்கத்தின் நோக்கமன்று. அப்பயிர் குளிர்ந்த தேசத்து நீண்ட கோடைப் பகலுக்கு ஏற்றது. உணவுப் பயிருக்குரிய நிலத்தை வீம்புக்காக அதற்கு ஒதுக்குவதும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதை வளர்ப்போரின் முறையே. காய் விஷயத்தில் அவர்கள் ஒன்றே போதும் என்று அடக்கம் காட்டுகின்றனர். விதை விஷயத்திலோ கைப்பிடியில் ஒளித்து வைப்பதில்லை. ஒரு பெருங்காயைப் பிளந்தால் நூற்றுக்கணக்கான விதை கிடைக்கும். ஒருவர் எவ்வளவு நிலம் உடையவராயினும் அவ்வளவையும் தாமே விதைக்க முடியாது. கொடுத்த விதை வேறொருவர் நிலத்தில் மேலும் பெருத்து, அதன் வித்தாய் மீண்டும் அவரிடமே வந்து சேருகின்றது.

ஆகவே இவ்வருஷம் உங்கள் கொல்லையில் நன்றாய்க் காய்த்த ஒரு பறங்கியையோ, கத்தரியையோ, அவரையையோ கறிக்கு அறுக்காமல் விதைக்கு முற்றவிடுங்கள். விதையை உலர்த்தி, சாம்பல் கலந்து, பொட்டலம் கட்டி, எந்த வருஷம் எவர் தோட்டத்தில் விளைந்தது என்று மேலே எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து, முதன்முறையாகத் தோட்டம் வைக்கும் ஓர் அங்கத்தினர் கையில் கொடுங்கள். அவருக்குப் பிஞ்சு நிற்கும் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தும் வாருங்கள்.