புகையை விட்டவர் எடைக்கு அஞ்சலாமா?

(நமது பள்ளிவாசலில் இளைஞர்களுக்காக ஆற்றப்பட்ட உரை)

 

புனித ரமலானில் நம் இளைஞர்கள் சிலர் சிகரெட்டைக் கைவிடுகின்றனர். பகல் முழுவதும் அதனைத் தொடாமல் இருக்க முடிந்ததே அவர்களுக்குத் துணிவைத் தருகிறது. ஆயினும் இரண்டு மாதங்கள் கழிந்ததும், 'சட்டை இறுகுகிறது, தொப்பை விழுகிறது' என்று கூறிப் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவோர் உண்டு. இவ்வச்சத்தைக் குறித்தே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

எடை ஏன் கூடுகிறது? புகையிலையிலுள்ள நிகோடின் பசியை அடக்குகிறது. உடல் ஓய்வில் செலவிடும் சக்தியையும் சற்று அதிகரிக்கிறது. அது நின்றதும் பசி திரும்புகிறது. மந்தமாயிருந்த நாவும் மூக்கும் கூர்மை பெறுகின்றன. சிகரெட் பிடித்த கை வடையைத் தேடுகிறது.

2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வின்படி, மருந்தின் துணையின்றிப் புகையை விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை எடை கூடியது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கூடியது. எனினும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எடை குறைந்தது. ஆகவே, எடை கூடியே தீரும் என்பதில்லை. முதல் மூன்று மாதங்களே நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய காலம்.

முதலாவதாக, பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயலலாகாது. பசியும் புகை வேட்கையும் சேர்ந்து வந்தால் மனவுறுதி தளரும். மூன்று வேளையும் நேரத்திற்கு உண்போம். சோற்றைக் குறைத்து, காய்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்வோம். வயிற்றில் ஒரு பங்கை மூச்சுக்கென விட்டுவைக்கும் நபிவழி நாம் அறிந்ததே.

இரண்டாவதாக, டீக்கடையில் கவனம் தேவை. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையிட்ட டீயை நாளுக்கு ஐந்து முறை பருகினால், ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை உடலில் சேர்கிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சிகரெட் போன இடத்தில் சமோசா குடியேறவும் இடமளிக்க வேண்டாம்.

மூன்றாவதாக, புகை வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரத்தில் தண்ணீர் பருகலாம், சிறிது சோம்பு மெல்லலாம், மிஸ்வாக் செய்யலாம்.

நான்காவதாக, நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடக்க வேண்டும். பஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிக்கு வருவோர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு நடந்தே வரலாம். வாரம் ஒருமுறை எடை பார்த்துக்கொள்வதும் நன்று.

தனித்து விட இயலாதவர்கள் மருத்துவரை நாடுங்கள். நிகோடின் சூயிங்கம் எடை கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும். 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புகையை விட்ட பிள்ளையைப் பார்த்து, 'என்ன தம்பி, பெருத்துவிட்டாயே!' என்று கேலி பேசாதீர்கள். அந்த ஒரு சொல் அவனை மீண்டும் பெட்டிக்கடை வாசலில் நிறுத்திவிடக்கூடும். 'விட்டுவிட்டாயா, மாஷா அல்லாஹ்' என்று சொல்லுங்கள்.

எடை கூடிய நிலையிலும், புகையை விட்டவர்களிடையே மரண ஆபத்து, தொடர்ந்து புகைப்போரைவிடக் குறைவே என்பதை 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூடிய 4 கிலோவைப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம். புகையில் கருகிய நுரையீரலை முழுமையாக மீட்பது எளிதன்று.

நம் இளைஞர்களுக்கு உறுதியையும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.