செயின் இறுகினா கையை எடுங்கோ

போன கிழமை எம்.ஜி. மிட்ஜெட் காரில என்ஜின் இறக்கிற வேலையைக் காட்டினனான். அதுக்கு வந்த கேள்வியளில பாதிக்கு மேல ஒரே கேள்வி: "அண்ணை, எதில கொழுவித் தூக்கிறது?" வெள்ளவத்தையில பிளட்ஸ்ல இருக்கிற ஒரு தம்பி, கார் நிப்பாட்டிற இடத்துச் சிலாப்பில இருக்கிற ஃபேன் கொக்கியைப் படம் எடுத்து அனுப்பி, இது தாங்குமோ எண்டு கேட்டிருக்கிறார். தாங்காது ராசா. அது ஃபேன் கொழுவிற கொக்கி. கியர்பொக்ஸோட சேர்த்து வாற என்ஜின் நூறு கிலோவுக்கு நல்லா மேல. அஸ்பெஸ்டஸ் கூரையின்ர மரம், முத்தத்து மாமரம், எல்லாத்துக்கும் இதே பதில்தான். கிரேன் ஒண்டை நாள் வாடகைக்கு எடுங்கோ.

ஆனா தூக்கிறது கடைசி அரை மணித்தியால வேலை. அதுக்கு முதல் இருக்கிற ஒரு முழு நாளைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை. போன முறையும் சொன்னனான், திரும்பவும் சொல்லுறன்: செயின் இறுகி, என்ஜின் எழும்பாமல் காரின்ர முன்பக்கம் சேர்ந்து எழும்பினா, கையை எடுங்கோ. எங்கயோ ஏதோ இன்னும் பூட்டிக் கிடக்குது.

இது எனக்குக் கொட்டாஞ்சேனையில மாமா வீட்டுப் பின்வளவில கிடைச்ச பாடம். என்ர முதல் மிட்ஜெட், 1275 சீசீ. நானும் மச்சானும் செயின் புளொக்கை இழுக்கிறம், மூக்கு எழும்புது. "வருது, வருது" எண்டு மச்சான் கத்துறான். எனக்கும் சந்தோஷம். வந்தது என்ஜின் இல்லை, ஸ்பிரிங் விரிஞ்சு கார்தான் வந்தது. இன்னும் ரெண்டு இழுவை, "தக்" எண்டு ஒரு சத்தம். டாஷ்போர்ட்டில ஒயில் பிரெஷரும் தண்ணிச் சூடும் சேர்த்துக் காட்டிற ஒரு மீட்டர் இருக்குதெல்லோ? அதிலயிருந்து என்ஜின் ஹெட்டுக்கு வாற மெல்லிய குழாய் அறுந்து போச்சு. அதுக்குள்ள ஈதர் அடைச்சு மூடியிருக்கும். அறுந்தா சூட்டு முள்ளு செத்த மாதிரித்தான், பத்த வைச்சு எழுப்பேலாது. அந்த மீட்டர் தேடிப் பஞ்சிகாவத்தையில நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். அம்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. அது வேற, அவவின்ர நல்ல பெட்ஷீட்டில ஒயில் துடைச்சதுக்கு.

அப்ப மிட்ஜெட்டில மறக்கிறது எதுகள்? பெட்டறி வயரை எல்லாரும் கழட்டுவியள். 1967க்கு முந்தின காரெண்டா பொடியோட சேர்ந்திருக்கிறது பொசிட்டிவ் பக்கமா இருக்கும், அதைப் பார்த்துக் கழட்டுங்கோ. ரேடியேட்டர், காபரேட்டர், எக்ஸோஸ்ட், இதுகள் கண்ணுக்குத் தெரியிறதால மறக்கமாட்டியள். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளை மாட்டும். என்ஜினுக்கும் பொடிக்கும் நடுவில ஓடுற ஏர்த் வயர். கியர்பொக்ஸில இருந்து வாற ஸ்பீடோ கேபிள். எல்லாத்தையும் விட, கியர்பொக்ஸ் பின் மவுண்டிங்கின்ர போல்டுகள். அடியில படுத்துக் கழட்டிறது ரெண்டுதான். மிச்சம் காருக்குள்ள, கார்பெட்டுக்குக் கீழ. கார்பெட்டைத் தூக்காமல் முழு நாளும் கீழ படுத்துக் கிடந்த ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

கிளச் பைப்பைத் திறக்காதேங்கோ. சிலேவ் சிலிண்டரை மட்டும் ரெண்டு போல்ட் கழட்டி, கம்பியால ஒரு பக்கமாக் கட்டி விடுங்கோ. பிறகு காத்து எடுக்கிற வேலை மிச்சம். ஆனா வீட்டில ஆரும் கிளச் பெடலை மிதிச்சா பிஸ்டன் வெளியில பாயும். சின்னப் பிள்ளையள் இருந்தா கதவைப் பூட்டி வையுங்கோ.

கியர்பொக்ஸை விட்டிட்டு என்ஜினை மட்டும் எடுக்கலாமோ எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறியள். எடுக்கலாம், நான் எடுக்கமாட்டன். மிட்ஜெட்டில கியர்பொக்ஸைக் கீழால இறக்கேலாது, டனல் பொடியோட ஒண்டு. திரும்பப் பூட்டேக்க ஷாஃப்டையும் கிளச்சையும் காருக்குள்ள நேராக்கிறது பெரிய கரைச்சல். சேர்த்து எடுங்கோ. வால் பக்கம் பதிஞ்சு, மூக்கு மேல பார்த்தபடி வரவேணும். அப்ப பின்னால எண்ணெய் கொட்டும், முதலே வடியுங்கோ.

மொரிஸ் மைனர் வைச்சிருக்கிற ஐயா ஒராள் கேட்டவர். ஐயா, உங்கடதும் அதே ஏ சீரிஸ் குடும்பம்தான். 1951இல ஒஸ்டின் ஏ30இல வந்து, 2000 மட்டும் மினியில ஓடின என்ஜின். ஆனா மைனரில தரையில கியர்பொக்ஸ் மூடி தனியாக் கழரும், உங்களுக்குச் சுகம். 2020இல வாகன இறக்குமதி நிண்டு 2025இல திரும்பத் திறக்கும் வரைக்கும், இப்பிடிப் பழைய காருகளைத் தூசி தட்டி எடுத்த ஆக்கள் எத்தினை பேர்!

இன்னொண்டு. கிரேன் இல்லாமல், பைப் ஸ்டாண்ட் அடிச்சு செயின் புளொக் போடுற ஆக்கள்: என்ஜின் நகராது, காரைத்தான் பின்னால தள்ளவேணும். அதாலே தூக்க முதல் காருக்குக் கீழ வைச்ச ஸ்டாண்டை எடுத்து, சில்லு நாலும் நிலத்தில நிக்கவேணும். பின்னால இடமிருக்குதோ எண்டும் பாருங்கோ. எங்கட ஒழுங்கையளில பின்னால இருக்கிறது பக்கத்து வீட்டு மதில். தொங்கிற என்ஜினுக்குக் கீழ கையும் போடாதேங்கோ, காலும் வைக்காதேங்கோ.

எடுத்த என்ஜினைப் பழைய டயரில இருத்துங்கோ. கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் கொஞ்சம் ஒயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கோ. உப்புக் காத்து ஒரு மாசம் பொறுக்காது.

ஃபேன் கொக்கித் தம்பி, நீங்கள் கிரேனுக்குக் காசு குடுக்கவேண்டாம். எல்லாத்தையும் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ, நான் என்ர கிரேனோட வாறன். ஆனா கூப்பிட முதல் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கோ.