வேண்டுதலும் விசுவாசமும்



ஒரு சொல் மாறினால் கவிதையின் பொருளே மாறிவிடும் என்பது இந்த அவை நன்கறிந்த உண்மை. செபத்திலும் அவ்வாறே. செபத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தியாக வேண்டும் என்று ஒரு துறவி கவலைப்பட்ட நிகழ்ச்சி, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தது. அகமாற்றம் என்பது யாது என்ற வினாவுக்கு அந்தத் திருத்தத்திலே விடை இருக்கிறது.

முதலில் பின்னணி. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச் சலாபத்தின் உரிமை குறித்து இக்கரையில் கடும் பூசல் எழுந்தது. நெருக்குண்ட பரதவர் தம் பட்டங்கட்டிமாரைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். அதைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஊர் ஊராகத் திருமுழுக்கு வழங்கப்பட்டது. பெற்றவர் ஏறத்தாழ 20,000 பேர் என்பர். 1538-ல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியர் வெற்றி பெறவே, நாடிய பாதுகாப்பும் கிட்டியது. ஆனால் மக்களின் மொழியில் மறையை விளக்கிச் சொல்லக் கரையில் ஆளில்லை. பெயர்கள் மாறின, எண்ணங்கள் பழையபடியே இருந்தன. இதனை ஏளனம் செய்வது எளிது. உயிருக்கும் தொழிலுக்கும் இடர் நேர்ந்தபோது ஒரு குலம் காவல் தேடியது. அதில் இழிவு ஏதும் இல்லை.

1542-ன் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். தமிழறியாத அவர், இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களை அழைத்துக் கற்பித்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘எனக்கு வேணும்’ என்ற தொடர் இடம் பெற்றுவிட்டது. கரையெங்கும் சிறுவரும் பெரியவரும் அதையே ஓதி வந்தனர். பிழையை உணர்ந்த சவேரியார், தம் உடனுழைப்பாளரான பிரான்சிஸ் மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில், ‘வேணும்’ என்பது விருப்பத்தையே குறிக்கிறது, அதை நீக்கி ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்கவேண்டும் என்று பணித்தார்.

மொழிபெயர்த்தோர் தவறியது இலக்கணத்தில்தான். ஆயினும் அந்தத் தவறான சொல், அன்றைய கரையின் உள்ளத்தை உள்ளபடியே உரைத்துவிட்டது. அம்மக்களுக்குக் காவல் வேண்டியிருந்தது, கடல் வேண்டியிருந்தது, இவற்றைத் தரவல்ல கடவுளும் வேண்டியிருந்தார். இயேசுவின் முதற்சீடர்களும் இதே நிலையில்தான் தொடங்கினர். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் வலைஞர்கள். வலையைத் துறந்து பின்தொடர்ந்த பிறகும், அவருடைய மாட்சியில் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை வேண்டும் என்று கேட்டவர்கள். அதே யாக்கோபு பின்னாளில் ஏரோது மன்னனின் வாளுக்கு இரையானார். இருக்கை கேட்டவர் உயிர் கொடுப்பவராக ஆனதற்கு இடையே நிகழ்ந்ததே சீடத்துவம்.

அந்த இடைவெளியில் நிகழ்வதைத்தான் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய மடலின் 12-ஆம் அதிகாரத்தில் மனத்தின் புதுப்பிப்பு என்கிறார். அவர் கையாளும் கிரேக்க வினைச்சொல் இலக்கணம் அறிந்தோர் ஊன்றிப் பார்க்கத்தக்கது. அது செயப்பாட்டு வினை: மாற்றுபவர் வேறொருவர், மனிதன் மாற்றப்படுகிறான். ஆயினும் அது ஏவல் வினையாகவும் நிற்கிறது: இசைய வேண்டியவன் மனிதனே. மேலும் அது தொடர்ந்து நிகழ்வதைக் குறிக்கிறது. ஒருநாட் சடங்கோடு முடிவதன்று. மலைமீது இயேசு தோற்றம் மாறியதைக் கூறுமிடத்தும் நற்செய்தியாளர் இதே வினைச்சொல்லை ஆள்கின்றனர்.

இக்கரையில் அந்த நீண்ட பணியை மேற்கொண்டவர் அண்டிரிக் அடிகளார். 1547-ல் இங்கு வந்த இவர், மொழிபெயர்ப்பாளரின் துணையை விட்டொழிக்கும் அளவுக்குத் தமிழ் பயின்றார். தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். சட்டத்தாலும் தண்டத்தாலும் ஒழுக்கம் வளர்க்கும் முயற்சி சவேரியார் காலத்திலேயே உண்டு. சாராயம் அருந்துவோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் கையைத் தடுக்கும், மனத்தைத் தொடாது. மனத்தைத் தொடவல்லது தாய்மொழி என்று அண்டிரிக் அடிகளார் கண்டார். 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்த நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அச்சுப் பணிக்கு இக்கரை மக்களே பொருளுதவி செய்தனர். காவல் வேண்டிக் கொச்சிக்குச் சென்றவர்களின் அடுத்த தலைமுறை, படிப்பதற்கு ஒரு நூல் வேண்டுமென்று பொருள் கொடுத்தது. வேட்கை அங்கேயே இருந்தது. அதன் திசை மாறியிருந்தது. 1586-ல் ‘அடியார் வரலாறு’ வந்தது. 1600-ல் புன்னைக்காயலில் மறைந்த அடிகளாரைத் தூத்துக்குடி மண் ஏற்றுக்கொண்டது.

இந்த மாற்றம் மெய்யானதா என்று சோதிக்கும் காலமும் வந்தது. 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். பால்தேயு என்ற ஒல்லாந்தப் போதகர் இம்மக்களைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றார். சலாபமும் துறைமுகமும் ஒல்லாந்தர் கையில் இருந்தன. ‘வேணும்’ என்ற கணக்குப்படி பார்த்தால், மாறுவதே ஆதாயம். பரதவர் இசையவில்லை. குலக்கட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றறிஞர் கூறலாம். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆதாயத்திற்காக ஏற்ற ஒன்றை, ஆதாயம் நீங்கிய பின்னும் ஒருவர் பற்றி நிற்பாராயின், அதற்கு வேறு பெயர் வேண்டும். தமிழில் விசுவாசம் என்ற சொல் நம்புதலையும் குறிக்கும், கைவிடாமையையும் குறிக்கும். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே, 1713-ல், பனிமய மாதா கோயில் எழுந்தது.

இக்கரையில் அரசு நடத்திய சலாபம் 1961-க்குப் பின் நடைபெறவில்லை. ஆயினும் 1973-ல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் கருமணி பதித்து முத்து விளைவித்தனர். மணியைப் பதிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதன்மேல் சிப்பி தன் உயிர்ப்பொருளைப் படலம் படலமாகப் பூசி முடிக்க மாதங்கள் ஆகும். இடையே சிப்பி மடிந்தால் மணி வெறும் மணியாகவே எஞ்சும். திருமுழுக்கும் சீடத்துவமும் அத்தகையன. பதித்தது ஒரு நாளில். விளைவது வாழ்நாள் முழுவதும்.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. புகழ் வேண்டும், பரிசு வேண்டும், பெயர் அச்சில் வரவேண்டும் என்றுதான் பலரும் எழுதத் தொடங்குகின்றனர். அது குற்றமன்று. பத்தாண்டு கழித்தும் அதே சொல்லையே ஓதிக்கொண்டிருந்தால்தான் இழப்பு. செபிக்கும் ஒருவரும் தம் செபத்தில் ‘வேணும்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். சவேரியார் போன்ற ஒருவரே தாம் கற்பித்த செபத்தில் பிழை உண்டென்று ஒப்பி எழுதினார். அந்த ஒப்புதலே மனத்தைப் புதுப்பிப்பதன் முதற்படி.