தேயாத கிண்ணம் தேடி

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் சுழலும் பந்து போன்றது. அது பழுதுபட்டோர் ஓரடி எடுத்து வைக்கவும் துடித்த காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர், 1950களின் இறுதியில், எஃகுப் பந்தையும் டெஃப்லான் கிண்ணத்தையும் பொருத்தலானார். நோயாளிகள் எழுந்து நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. ஏறத்தாழ 300 பேருக்குச் செய்த முயற்சி வீணாயிற்று.

1962இல் விற்பனையாளர் ஒருவர் பாலிஎத்திலீன் துண்டொன்றைக் கொணர்ந்தார். சார்ன்லி அதனை நகத்தால் கீறிப் பார்த்துப் பயனற்றதென ஒதுக்கினார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர் ஹாரி கிரேவனோ, அதனைத் தேய்மானச் சோதனைப் பொறியில் மாட்டி இரவு பகலாக ஓட்டினார். மூன்று வாரங்களில் அது தேய்ந்தது, டெஃப்லான் ஒரே நாளில் தேய்வதைவிடக் குறைவு! சார்ன்லி அவ்வளவை ஏற்றார். இரு பொருள்களையும் தம் தொடையிலேயே புகுத்திச் சோதித்தார். 1962 நவம்பர் முதல் பாலிஎத்திலீன் கிண்ணமே பயன்பட்டது.

அதுவும் அறவே தேயாததன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத அத்துகள்களை உடலின் காவல் அணுக்கள் விழுங்கும், அதன் விளைவாக எலும்பு கரையும், மூட்டு தளரும். நெடுநாள் வாழவேண்டிய இளையோர்க்கு இது பெருங்கேடு.

இதற்குக் கண்ட தீர்வே குறுக்குப் பிணைப்பு. பாலிஎத்திலீன் நீண்ட இழை மூலக்கூறுகளால் ஆனது. காமாக் கதிர் பாய்ச்சினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகின்றன, எளிதில் உதிர்வதில்லை. 1990களின் இறுதியில் இது புழக்கத்திற்கு வந்தது. இடுப்பு மூட்டின் தேய்மானம் முன்னைய அளவில் ஒரு சிறு பகுதியாகக் குறைந்தது.

ஆயினும் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க நேர்ந்தது. கதிரால் அறுபட்டு எஞ்சும் மூலக்கூற்று முனைகள் ஆக்சிஜனுடன் கூடினால் பொருள் நொறுங்கும். அதனைத் தடுக்க உருக்கி ஆற்றினால் உறுதி சற்றே குறையும். ஆதலின் பின்னாளில் வைட்டமின் ஈ சேர்க்கும் முறையும் வந்தது.

மாணவச் செல்வங்களே! தலைவர் ஒதுக்கியதைப் பணியாளர் அளந்து காட்டினார். தலைவரும் அதனை மதித்தார். பல இலட்சம் பேர் நடப்பது அதன் பயனே. அளவுகோல், தன்னைப் பிடித்த கை எவருடையது என்று கேட்பதில்லை. அதனைக் கையிலெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ட அளவை அஞ்சாது எடுத்துரையுங்கள்.